கபிலர் குன்று முதல் கல்வராயன் மலை வரை

இந்த வருடம் குடியரசு நாள் திங்கள்கிழமை வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை. ஏற்காடு போகலாமா, ஏலகிரி போகலாமா என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "கபிலர் குன்றுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

பதினொரு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். வள்ளல் பாரி போன பிறகு அவன் நண்பர், சங்கப் புலவர் கபிலர் என்ன ஆனார் என்ற இடம் வரும்போது கடைசி பெஞ்சுகூட அமைதியாகிவிடும். அவர் உயிர்விட்டதாகச் சொல்லும் அந்தக் குன்று தாம்பரத்திலிருந்து நான்கு மணி நேரப் பயணம்தான். நான் ஒருமுறைகூடப் போனதில்லை. பார்க்காத இடத்தைப் பற்றி வருடா வருடம் பிள்ளைகளிடம் பேசுகிறோமே என்பது நெஞ்சில் ஒரு கடனாகவே இருந்தது.

இவர் சிவில் படித்தவர். ஊர் சுற்றுவது என்றால் இவருக்கு ஆறு, அணை, மதகு. மேப்பைப் பார்த்துவிட்டு, "அப்போ பெண்ணையாத்துல ஆரம்பிச்சு கோமுகி ஆத்துல முடிச்சுக்கலாம். கல்வராயன் மலையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்றார். கள்ளக்குறிச்சிப் பக்கம் போகிறோம் என்று போனில் சொன்னதும் மாமியார், "அங்க எதுக்கும்மா?" என்று கேட்டார். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன செய்திதான் அவருக்கு அந்த ஊர். பலருக்கும் அப்படித்தான். சேலம் போகிற வழியில் பஸ் ஜன்னலில் பார்த்த ஊர், இல்லையென்றால் டிவியில் பார்த்த துக்கம்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். விழுப்புரத்தில் டிபன். ஒன்பதரைக்கெல்லாம் அரகண்டநல்லூர். ஆற்றுக்கு வடகரையில் இருக்கும் இது இன்னும் விழுப்புரம் மாவட்டம்தான். ஆற்றைத் தாண்டினால் திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பரில் புது மாவட்டம் பிரிந்தபோது பெண்ணையாறு இங்கே எல்லையானது. அரகண்டநல்லூரில் பாறை மேல் அதுல்யநாதேசுவரர் கோயில். 1896-இல் திருவண்ணாமலைக்குப் போகிற வழியில், காசு தீர்ந்துபோய் மாம்பழப்பட்டிலிருந்து நடந்தே வந்த பதினாறு வயது வெங்கடராமன் இந்தக் கோயிலில்தான் உட்கார்ந்தார். பிறகு ரமண மகரிஷியானவர். கோயிலை இரவு பூட்ட வேண்டும் என்று எழுப்பிவிட்டார்கள். கோயில் பாறையிலிருந்து பார்த்தால் கீழே ஆறு முழுக்கத் தெரிகிறது. அங்கிருந்துதான் முதன்முதலில் குன்றைப் பார்த்தேன்.

குன்று என்கிறோமே தவிர அது ஒற்றைப் பாறை. ஆற்றின் நடுவே, யாரோ கொண்டுவந்து இறக்கி வைத்ததுபோல உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு சின்னக் கோயில். கீழே இறங்கினோம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கரையில் கரும்புச் சக்கை, பலூன் துண்டு, உடைந்த வளையல். ஓடை ஓடையாகப் பிரிந்து தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தோம்.

பாறையில் கையை வைத்தேன். தண்ணீர் ஓரத்தில் ஜில்லென்று இருந்தது. ஒரு முழம் மேலே வெயில் ஏறிச் சுட்டது. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இவரும் தொந்தரவு செய்யவில்லை.

சங்கப் பாடல்கள் சொல்கிற கதை நமக்குத் தெரியும். மூவேந்தர் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள், பாரி மாண்டான், அவன் பெண்கள் இருவரையும் கபிலர் ஊர் ஊராக அழைத்துப் போனார், விச்சிக்கோனும் இருங்கோவேளும் மணம் செய்துகொள்ள மறுத்தார்கள். கடைசியில் கபிலர் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது இலக்கிய மரபு. ஆனால் பக்கத்திலேயே கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு வேறு மாதிரி சொல்கிறது. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே உள்ள இந்தக் கல்லில் கபிலர் தீப்புகுந்தார் என்று. கல்லுக்குப் பெயரே கபிலக்கல். கபிலர் காலத்துக்கும் ராஜராஜனுக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு வருடம். அத்தனை காலம் கழித்தும் இந்த ஊர் மக்கள் ஒரு புலவனின் சாவை, இந்த இடம் என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எது சரியான வரலாறு என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நண்பனுக்காக உயிர்விட்டவனை ஒரு ஊர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடமாக மறக்கவில்லை என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

இவர் பாறையின் பக்கவாட்டில் எதையோ அளந்துகொண்டிருந்தார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒரே இரவில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்களே, அந்த வெள்ளம் இந்த வழியாகத்தான் போனது. இரு கரையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து எத்தனையோ குடும்பங்கள் நடுரோட்டுக்கு வந்தன. "அத்தனை தண்ணிக்கும் இது அசையல பாரு. வேர் கீழ எவ்வளவு ஆழம் போகுதோ" என்றார். பாறைக்கு வேர் என்று இவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கிருந்து வீரட்டானேசுவரர் கோயில். அட்ட வீரட்டங்களில் ஒன்று, அந்தகாசுரனைச் சிவன் வதைத்த தலம். அதே கல்வெட்டு ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியைப் பற்றியும் பேசுகிறது. அவள் இங்கே ஆண்ட மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது பால் மறக்காத பிள்ளையை விட்டுவிட்டுத் தீப்பாய்ந்தாள் என்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவனின் அம்மா பிறந்த மண் இது. கோயிலில் கூட்டம் இல்லை. குருக்கள் நிதானமாகத் தீபாராதனை காட்டினார்.

சாயங்காலம் உலகளந்த பெருமாள் கோயில். பதினொரு நிலைக் கோபுரம் ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. உள்ளே ஒரு காலை உயரத் தூக்கி நிற்கும் அந்த உருவத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மழை இரவில் ஒரு இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ஊர் இதுதான். நாலாவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, அவர் யார் என்று பார்க்க விளக்கேற்றப் பாடிய பாட்டிலிருந்துதான் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமும் தொடங்கியது என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜம்பை. இந்தப் பதிவையே ஜம்பைக்காக எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

மணலூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் சின்ன கிராமம். ஊரை ஒட்டி ஆளுருட்டி மலை. வழி தெரியாமல் அடிவாரத்தில் நின்றோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணா, எழுத்துப் பாறை எங்க இருக்கு?" என்று கேட்டேன். "தாசி மடம்தானம்மா? வாங்க, நான் காட்டறேன். நீங்களாப் போனா முள்ளுல மாட்டிக்குவீங்க" என்று கோலைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ஆடுகளும் பின்னாலேயே வந்தன.

குனிந்துதான் குகைக்குள் போக வேண்டும். வெளியே காய்ந்த வெயில் உள்ளே இல்லை. வௌவால் நெடி. செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது எழுத்துகள் எழும்பி வந்தன. ஒரே ஒரு வரி. தமிழ் பிராமி. முதல் எழுத்து, தமிழில் இல்லாத வடமொழி 'ஸ'. ஸதியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி இந்தப் பள்ளியைக் கொடுத்தான் என்பதுதான் செய்தி. துறவிகள் தங்கிக்கொள்ள ஒரு குகையைத் தானம் செய்திருக்கிறான்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அசோகனின் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்ற பெயர்களோடு சதியபுத்திரர் என்று ஒரு பெயர் வரும். அவர்கள் யார் என்று தெரியாமல் ஆராய்ச்சியாளர்கள் நூறு வருடத்துக்கு மேல் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் இந்தக் குகை எழுத்தைக் கண்டுபிடித்த பிறகுதான், தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமான் குலமே அது என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதைவிட எனக்கு முக்கியமான விஷயம் வேறு. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்று நாம் சின்ன வயதிலிருந்து படிக்கிற அதே அஞ்சி இவன். பாட்டில் மட்டுமே இருந்தவன், தன் பெயரைக் கல்லில் வெட்டிவைத்து இங்கே இருக்கிறான்.

தர்மபுரிக்காரன் பெயர் இங்கே எதற்கு என்று இவர் கேட்டார். அதற்கும் பதில் புறநானூற்றிலேயே இருக்கிறது. மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை அஞ்சி அடித்துப் பிடித்தான். அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவை சொல்கிறாள். கோவலூர்தான் நாங்கள் முந்தின நாள் சுற்றிய திருக்கோவிலூர். அங்கிருந்த காரியைக் கபிலரும் பாடியிருக்கிறார். ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காத கார் பயணத்துக்குள் கபிலர், ஔவை, பரணர், காரி, அஞ்சி அத்தனை பேரும் இருக்கிறார்கள். வகுப்பில் தனித்தனிப் பாடமாக நடத்தியவர்கள் எல்லாரும் எனக்கு அந்தக் குகையில் ஒரே ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். கண் கலங்கிவிட்டது. "அம்மாவுக்கு என்னங்க?" என்று ஆட்டுக்காரர் இவரிடம் மெதுவாகக் கேட்டார். "தமிழ் டீச்சருங்க" என்றார் இவர். அவருக்கு அது புரிந்துவிட்டது போலத் தலையாட்டினார்.

பாறையில் அந்த வரிக்குப் பக்கத்தில் யாரோ காதலர்கள் பெயர் எழுதியிருந்தார்கள். சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது. அதைப் பார்த்துவிட்டு ஆட்டுக்காரர் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார். பழைய எழுத்தில் பட்டுவிடும் என்று தடுத்தேன்.

ஜம்பை சிவன் கோயில் கல்வெட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சோழர் காலத்தில் வரி வசூலிக்கிற அதிகாரி ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்டிருக்கிறான். நான் கட்ட வேண்டியதில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவன் விடவில்லை, கொடுமைப்படுத்தியிருக்கிறான். அவள் நஞ்சு குடித்துச் செத்துப்போனாள். பல நாட்டாரும் கூடி, சாவுக்கு அவன்தான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லி, கோயிலில் விளக்கெரிக்கக் காசு கொடுக்க வைத்தார்கள். ஒரு உயிருக்கு விளக்குக் காசா என்று மனசு கொதிக்கிறது. ஆனாலும் அவள் மறுத்ததும், அவன் செய்தது குற்றம் என்று ஊர் சொன்னதும் கல்லில் நிற்கிறது.

மத்தியானம் தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்தோம். துருகத்துக் கோட்டை, 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஐதர் அலியின் உதவிக்கு ஈடாகக் கொடுத்தது, அடுத்த வருடமே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டது. வெயிலில் ஏற முடியவில்லை. ரோட்டிலிருந்தே பார்த்துக்கொண்டோம்.

கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். 2021-இல் இந்த ஊர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டாப்புளியால் உளியின் தலையில் தட்டுகிற சத்தம் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் விநாயகரின் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். விரலுக்கு விரல் உளி மாற்றினார். கடைசி விரலுக்கு எடுத்த உளியின் வாய் நெல் அகலம்கூட இல்லை. "இது தப்பினா ஆறு நாள் வேலை போச்சு தாயி" என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டு. மரச்சுருள் ஒன்று நெளிந்து விழுந்தது. சின்னதாக ஒரு பிள்ளையார் வாங்கினோம். பேரம் பேசவில்லை.

திங்கள்கிழமை மலை. கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை. முழு நீர்மட்டம் 46 அடி. கரையில் நின்று, மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற திசையை இவர் கையால் காட்டிக்கொண்டே இருந்தார். இந்தத் தண்ணீர் மணிமுத்தாற்றில் சேர்ந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது.

வளைவு வளைவாக ஏறினோம். ஏற ஏற மரவள்ளிக் கொல்லைகள், நடுவே சாமை அறுத்த தாள். பெரியார் நீர்வீழ்ச்சியில் ஜனவரியிலும் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. பாறை மேல் சறுக்கிக்கொண்டு வருகிற தண்ணீர். கீழே நின்றால் முதுகில் தட்டுகிற வேகம். இவர் சின்னப் பிள்ளை போல அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை.

வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்து பிள்ளைகள் மிட்டாயோடு ஓடிவந்தார்கள். வண்டியை ஓரம் கட்டினோம். சுவருக்கு வெளியே நின்று கொடியைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

கல்வராயனில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இந்த மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. நாடு 1947-இல் விடுதலை அடைந்தது, 1950-இல் குடியரசானது. இந்த மலையில் ஜாகிர்தார் ஆட்சி 1976-இல்தான் முடிந்தது. "நான் மாடு மேய்க்கிற பையனா இருந்தப்ப எல்லாம் ஜாகிர்தார்தான். கலெக்டர்னு ஒருத்தர் இருக்கார்னே எங்களுக்குத் தெரியாது கண்ணு" என்றார் பெரியவர். இந்த வருடம் அதற்குச் சரியாக ஐம்பது வருடம். குடியரசு நாளன்று அந்த மலையில் நிற்கிறோம் என்பது நாங்கள் திட்டம் போட்டு வந்தது இல்லை.

சாராயச் சாவுக்குப் பிறகு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கேள்வி கேட்டது. மலை என்றாலே காய்ச்சுகிற இடம் என்று பேசுகிறோம். ஐம்பது வருடமாக அவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்பதற்கு ஒரு ஊரே இழவு காண வேண்டியிருந்தது. எனக்கு இதில் ஆறாத வருத்தம்.

பெரியவரின் வீட்டு வாசலில் அவர் மனைவி கடுக்காய் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்லில் வைத்து இன்னொரு கல்லால் ஒரே போடு. கொட்டை தனியாகத் தெறித்துவிடும், தோடு கையில் நிற்கும். "இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு. கொட்டையை வெச்சுக்கக் கூடாது கண்ணு" என்றார் அந்தப் பாட்டி. நானும் தட்டிப் பார்த்தேன். நான்காவது காய்க்குத்தான் கொட்டை தனியாக வந்தது. சாமைச் சோறும் புளிக்குழம்பும் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு கிலோ கடுக்காய்த் தோடும் ஒரு பாட்டில் தேனும் விலைக்கு வாங்கிக்கொண்டோம்.

மேகம் நீர்வீழ்ச்சிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். மூன்று மணி ஆகிவிட்டது. இருட்டுவதற்குள் திரும்ப முடியாது என்று பெரியவர் சொன்னார், நாங்கள் கேட்டுக்கொண்டோம். கரியாலூர் ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

நீங்களும் போங்கள். சென்னையிலிருந்து மூன்று நாள் தாராளமாகப் போதும். கபிலர் குன்றுக்குப் போகும் முன் சாத்தனூரில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கரையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். மேகம் அருவிக்குக் காலையிலேயே கிளம்புங்கள், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துப் போங்கள். மலையில் தேன், சாமை, கடுக்காய் எதுவானாலும் அந்த மக்களிடமே வாங்குங்கள். காலி பாட்டிலை மட்டும் கீழே கொண்டு வந்துவிடுங்கள். ஜம்பையில் எழுத்தைப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். சுண்ணாம்பு, சாக்பீஸ், தண்ணீர் எதுவும் வேண்டாம். அந்த வரியில் கை வைக்காதீர்கள்.